ஊரெல்லாம் ஓர் அடுப்பு

நுழையும்முன்

தில்லியிலும் சண்டிகரிலும் சிம்லாவிலும் மார்கழி, தை மாதக் குளிரை அறிந்தவர்களுக்குச் சூடேற்றியின் அருமை நன்கு தெரியும். ஓர் அறையை வெதுவெதுப்பாக்க ஒரு கருவி போதும். ஆனால், ஆண்டில் பாதிக்கும் மேல் குளிர் வாட்டும் நாட்டில் ஓர் ஊர் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டுமானால் என்ன செய்வது? அதற்கு எரிபொருள் மட்டும் போதாது, திட்டமும் வேண்டும். அத்தகைய திட்டத்தை ஊர்தோறும் வகுத்து உலகிற்கு வழிகாட்டிய டென்மார்க் நாட்டைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

1. ஊர்திகள் ஓடாத ஞாயிறு

1973ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க் நாட்டின் சாலைகளில் மகிழுந்துகள் ஓடவில்லை. மக்கள் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்றனர். எண்ணெயைச் சேமிப்பதற்காக ஞாயிறுதோறும் மகிழுந்து ஓட்டக் கூடாது என்று அரசு ஆணையிட்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அதனைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் குறைத்தன. சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது.

இந்த விலையேற்றம் டென்மார்க்கைக் கடுமையாகத் தாக்கியது. அந்நாடு தனக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை இறக்குமதி செய்த எண்ணெயிலிருந்தே பெற்று வந்தது. பல வீடுகளில் எண்ணெய்த் தொட்டி ஒன்றும், அதனை எரித்து வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒன்றும் இருந்தன. மகிழுந்தை ஒருநாள் நிறுத்தி வைக்கலாம். பனி உறையும் இரவில் கொதிகலனை நிறுத்தி வைக்க இயலுமா? குழந்தைகளும் முதியோரும் நோயாளிகளும் உள்ள வீடுகளில் வெப்பம் என்பது வசதியன்று, உயிர்காக்கும் தேவை. அத்தேவை தொலைதூர நாடுகளின் கையில் இருப்பதை டேனிய மக்கள் அந்தக் குளிர்காலத்தில் உணர்ந்தனர்.

2. வெப்பம் நெடுந்தொலைவு செல்லாது

மின்சாரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே அனுப்பலாம். கூடங்குளத்தில் பிறக்கும் மின்சாரம் வேறு மாநிலங்களிலும் விளக்கேற்றுகிறது. வெப்பத்தின் இயல்பு அவ்வாறன்று. சுடுநீரைக் குழாயில் அனுப்பினால், அது செல்லும் வழியெல்லாம் சிறிது சிறிதாக ஆறும். தொலைவு கூடக்கூட இழப்பும் செலவும் கூடும். ஆகவே, ஓர் ஊருக்கு வேண்டிய வெப்பத்தை அவ்வூரிலோ அதன் அருகிலோதான் தேட வேண்டும்.

இவ்வாறு தேடியபோது ஒரு வியப்பான உண்மை புலப்பட்டது. ஊர்களின் அருகிலேயே பெருமளவு வெப்பம் வீணாகிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு நிலக்கரி எரிந்து நீர் நீராவியாகிறது, நீராவி விசைச்சுழலியைச் சுழற்றுகிறது, மின்சாரம் கிடைக்கிறது. ஆனால், எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே மின்சாரமாகும். எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறி ஆற்றிலும் கடலிலும் காற்றிலும் கலந்துவிடும். ஒருபுறம் மின்நிலையம் வெப்பத்தைக் கடலில் கொட்டியது. மறுபுறம் அதே ஊர் மக்கள் விலைகொடுத்து வாங்கிய எண்ணெயை எரித்து வெப்பம் தேடினர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான். வீணாகும் வெப்பத்தையும் குழாய்களில் சேர்த்து வீடுகளுக்கு அனுப்பினால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை பயன்படுத்த முடியும்.

இவ்வழி டென்மார்க்கிற்கு முற்றிலும் புதியதன்று. கோபன்ஹேகன் நகரை ஒட்டிய பிரடெரிக்ஸ்பெர்க் என்னுமிடத்தில் 1903ஆம் ஆண்டிலேயே குப்பையை எரித்து, அந்த வெப்பத்தை அருகிலிருந்த மருத்துவமனைக்கு அனுப்பினர். ஓரிடத்தில் நடந்த அச்செயலை நாடு முழுவதும் முறைப்படி பரவச்செய்வதே 1970களில் எழுந்த சவால்.

3. ஊருக்கு ஒரு வெப்ப வரைபடம்

1979ஆம் ஆண்டு டென்மார்க் நாடாளுமன்றம் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊருக்குரிய வெப்பத் திட்டத்தைத் தானே வகுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. தலைநகரில் அமர்ந்திருப்பவரைவிட, எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் உள்ளன, எந்தத் தொழிற்சாலையிலிருந்து சூடான புகை வெளியேறுகிறது என்பனவற்றை உள்ளூரார் நன்கு அறிவர் அல்லவா?

நகராட்சிகள் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை தேடின.

முதலாவது: எந்தப் பகுதிக்கு எவ்வளவு வெப்பம் தேவை?
இரண்டாவது: இப்போது அந்த வெப்பம் எவ்வாறு கிடைக்கிறது?
மூன்றாவது: அருகில் எங்கெல்லாம் வெப்பம் வீணாகிறது?

இவ்விடைகளைத் தொகுத்து ஊரைப் பகுதிகளாகப் பிரித்தனர். வீடுகள் நெருங்கியிருந்த பகுதிகளுக்கு, ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய் வழியே சுடுநீர் வழங்குவது என்று முடிவு செய்தனர். இதற்குப் பொது வெப்ப வழங்கல் என்று பெயர். வேறு சில பகுதிகளுக்கு வடகடலில் கிடைத்த இயற்கை எரிவாயுவை ஒதுக்கினர். வீடுகள் சிதறிக் கிடந்த நாட்டுப்புறங்களில் அவரவர் தத்தம் கருவியால் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள விட்டனர்.

எல்லாருக்கும் ஒரேமாதிரி குழாய் போடாதது ஏன்? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தெருவில் 100 வீடுகள் இருந்தால், ஒரு வீட்டின் பங்குக்கு 10 மீட்டர் குழாய் வரும். அதே நீளத்தில் 5 பண்ணை வீடுகள் மட்டும் இருந்தால், ஒரு வீட்டின் பங்கு 200 மீட்டர் ஆகும். செலவும் இருபது மடங்கு. வழியில் ஆறும் வெப்பமும் மிகுதி. எனவே, எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஊர் முழுமைக்கும் ஒரே விடை இல்லை. தெருவுக்குத் தெரு விடை மாறும். அதனால்தான் வரைபடம் இன்றியமையாததாயிற்று.

4. சுடுநீரின் பயணம்

பொது வெப்ப வழங்கலில் பயன்படும் குழாய், குழாய்க்குள் குழாயாக அமைந்தது. உள்ளே சுடுநீர் ஓடும் எஃகுக் குழாய்; அதனைச் சுற்றி வெப்பத்தை வெளியே விடாத நுரைப்பொருள்; அதற்கு மேல் ஞெகிழி உறை. வெந்நீர்க் குடுவையில் காப்பி ஆறாமலிருப்பது போலவே, மண்ணுக்கடியில் செல்லும் இக்குழாயிலும் நீர் எளிதில் ஆறுவதில்லை.

நிலையத்திலிருந்து ஏறத்தாழ 70 முதல் 90 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீர் புறப்படுகிறது. வீட்டை அடைந்ததும் அது வெப்பப் பரிமாற்றி என்னும் கருவி வழியே பாய்கிறது. அங்கு ஊர்க்குழாயின் நீரும் வீட்டுக்குழாயின் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இடையிலுள்ள உலோகத் தகட்டின் வழியே வெப்பம் மட்டும் கைமாறுகிறது. அவ்வெப்பம் அறைகளைச் சூடாக்குகிறது. குளிப்பதற்கு வெந்நீரும் தருகிறது. ஆறிய நீர் மற்றொரு குழாய் வழியே நிலையத்திற்குத் திரும்பி, மீண்டும் சூடேறிப் புறப்படுகிறது. அதே நீர் ஓயாது சுற்றி வருகிறது. எவ்வளவு வெப்பம் செலவாயிற்று என்பதை வீட்டிலுள்ள அளவி காட்டும்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு கடையில் விலை மிகுதி என்றால் அடுத்த கடைக்குச் செல்லலாம். தெருவில் ஒரே வெப்பக் குழாய்தான் உள்ளது என்றால், மக்கள் எங்கே செல்வர்? இதனை உணர்ந்தே, வெப்பம் வழங்குவோர் தேவையான செலவை மட்டுமே மக்களிடமிருந்து பெற வேண்டும் என்னும் நெறியை டென்மார்க் பின்பற்றுகிறது. பல ஊர்களில் வெப்ப நிலையங்கள் நகராட்சிக்கோ, அங்கு வாழும் மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமானவை. குசராத்தின் ஆனந்த் நகரில் பால் உற்பத்தியாளர்கள் சங்கமாக ஒன்றிணைந்தது போல, அங்கு வெப்பம் பெறுவோர் ஒன்றிணைந்துள்ளனர்.

5. குழாய் மாறாது, ஊற்று மாறும்

இன்று டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பொது வெப்ப வழங்கலில் இணைந்துள்ளன. கோபன்ஹேகனில் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களும் இணைந்துவிட்டன. எண்ணெய் விலைக்கு அஞ்சித் தொடங்கிய இத்திட்டம், பின்னாளில் வேறொரு பயனையும் தந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளியாகும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகிறது என்பதை உலகம் உணர்ந்தது. தனித்தனிக் கொதிகலன்கள் உள்ள ஊரில், எரிபொருளை மாற்ற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வீடுகளில் கருவிகளை மாற்ற வேண்டும். பொதுக் குழாய் உள்ள ஊரிலோ, நிலையத்தில் மட்டும் மாற்றினால் போதும். வீட்டிலுள்ளோருக்கு வேறுபாடே தெரியாது.

இவ்வாறு பல புதிய ஊற்றுகள் குழாய்களுக்குள் வந்து சேர்ந்தன. கோபன்ஹேகனில் நகரக் குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் பெறும் பெரிய நிலையம் ஒன்று உள்ளது. அதன் சரிவான கூரையில் 2019ஆம் ஆண்டு மக்கள் பனிச்சறுக்கு விளையாடத் தொடங்கினர்.

ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டால் என்னும் சிற்றூர் கதிரவனை நம்பியது. அங்கு ஏறத்தாழ 33,000 சதுர மீட்டர் பரப்பில் கதிரொளித் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் மிகுதியாகக் கிடைக்கும் சுடுநீரை 75,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய குளத்தில் சேமிக்கின்றனர். மழைநீரை ஏரியில் தேக்கிக் கோடையில் பயன்படுத்துவது நம் முன்னோர் முறை. கோடை வெப்பத்தைக் குளத்தில் தேக்கிக் குளிர்காலத்தில் பயன்படுத்துவது மார்ஸ்டால் மக்களின் முறை.

ஓடென்ஸ் நகரில் முகநூல் நிறுவனத்தின் தரவு மையம் உள்ளது. இரவும் பகலும் இயங்கும் கணினிகள் சூடாகும்; அச்சூட்டை வெளியேற்றியே ஆக வேண்டும். அந்த வெப்பம் இன்று ஊர்க்குழாயில் சேர்கிறது. கைப்பேசியில் ஒரு படத்தை யாரோ பார்ப்பதால் எழும் சூடு, எங்கோ ஒரு வீட்டின் அறையை வெதுவெதுப்பாக்குகிறது.

எஸ்பியர்க் துறைமுக நகரில் நிலக்கரி நிலையம் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப அமைந்தவற்றுள் ஒன்று, கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் மாபெரும் வெப்ப எக்கி. குளிர்ந்த கடல்நீரில் வெப்பம் ஏது என்று தோன்றலாம். வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் பொருள்களிலிருந்து எடுத்த வெப்பத்தைத்தான் அது வெளியே விடுகிறது. வெப்ப எக்கியும் அவ்வாறே கடல்நீரைச் சற்றுக் குளிர்வித்து, அதிலிருந்து எடுத்த வெப்பத்தை ஊருக்குத் தருகிறது. அதனை இயக்கும் மின்சாரம் காற்றாலையிலிருந்து கிடைத்தால், நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை.

எனினும், எல்லா மாற்றங்களும் ஐயத்திற்கு இடமற்றவை அல்ல. டென்மார்க்கின் பல நிலையங்கள் நிலக்கரிக்கு மாற்றாக மரத்துண்டுகளை எரிக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பிற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இதனைப் பசுமையான வழி எனலாமா என்று அறிஞர்கள் வினவுகின்றனர்.

6. வரைபடத்தில் ஒரு கோடு

1980களில் வரைந்த வரைபடங்களில் சில தெருக்கள் எரிவாயுவுக்கு ஒதுக்கப்பட்டன என்பதை முன்னர்க் கண்டோம். அன்றைக்கு அது தவறாகத் தோன்றவில்லை. வடகடல் எரிவாயு சொந்த நாட்டுச் செல்வமாக இருந்தது. எண்ணெயைவிடத் தூய்மையாக எரிந்தது. கோட்டின் ஒருபுறம் சுடுநீர்க் குழாயும், மறுபுறம் எரிவாயுக் குழாயும் அமைந்தன.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பாவில் எரிவாயு விலை விண்ணைத் தொட்டது. அப்போது டென்மார்க்கில் ஏறத்தாழ 4 லட்சம் வீடுகள் எரிவாயுவால் சூடாகிக்கொண்டிருந்தன. ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தோரின் நிலை வெவ்வேறாயிற்று. அக்கோட்டை வரைந்தபோது பிறந்தே இராத பலர், அதன் விளைவைத் தம் வீட்டுச் செலவுக் கணக்கில் கண்டனர்.

அரசும் நகராட்சிகளும் மீண்டும் வரைபடத்தை விரித்தன. எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றால் சூடாகும் வீடுகளில் வாழ்வோருக்கு, அவர்தம் தெருவுக்குப் பொது வெப்பக் குழாய் வருமா, வராதா என்பதை அவ்வாண்டு இறுதிக்குள் மடல் வழியே தெரிவிக்க முடிவாயிற்று. வரும் என்று அறிந்தவர் காத்திருக்கலாம். வராது என்று அறிந்தவர் தாமே வெப்ப எக்கி வாங்குவது பற்றிச் சிந்திக்கலாம். 'வராது' என்னும் விடை கசப்பானதுதான். ஆயினும், விடையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிடத் தெளிவான விடை நன்று. புதிய கொதிகலனுக்குப் பணத்தைச் செலவிட்ட மறு ஆண்டே தெருவில் குழாய் வந்தால், இழப்பு அக்குடும்பத்துக்குத்தானே?

இந்த வரலாறு உணர்த்துவது யாது? வெப்பத் திட்டத்தில் இன்று வரையும் ஒரு கோடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வாழ்வோரின் குளிர்காலத்தை முடிவு செய்யும். எனவே, கோடு வரையும்முன் அக்கோட்டின் இருபுறமும் வாழ்வோரைக் கேட்க வேண்டும். உண்மை நிலையை அவர்களுக்கு மறைக்காமல் கூற வேண்டும். காலம் மாறும்போது கோட்டைத் திருத்தும் துணிவும் வேண்டும்.

7. அண்டை நாடும் நம் நாடும்

டென்மார்க்கின் அண்டை நாடான செருமனியில் ஏறத்தாழப் பாதி வீடுகள் எரிவாயுவால் சூடாகின்றன. அங்கும் வெப்பத் திட்டச் சட்டம் 2024ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள் 2026ஆம் ஆண்டு சூன் மாத இறுதிக்குள்ளும், சிறிய ஊர்கள் 2028ஆம் ஆண்டு சூன் மாத இறுதிக்குள்ளும் தம் திட்டத்தை வகுக்க வேண்டும் என்று அச்சட்டம் காலவரை குறித்தது. டென்மார்க் 1979இல் கேட்ட அதே வினாக்களை இந்த ஊர்களும் கேட்கத் தொடங்கின.

வெயில் மிகுந்த நம் நாட்டிற்கும் இதில் பாடம் உண்டு. இங்குப் பல நகரங்களில் வீடுகளைச் சூடாக்குவதைவிடக் குளிர்விப்பதே பெருந்தேவை. குசராத்தின் காந்திநகர் அருகே எழுந்துள்ள கிப்ட் நகரத்தில், ஒரு பொது நிலையத்திலிருந்து குளிர்ந்த நீர் குழாய் வழியே பல கட்டடங்களுக்குச் செல்கிறது. கட்டடந்தோறும் தனித்தனிக் குளிரூட்டும் பொறிகள் தேவைப்படுவதில்லை. டென்மார்க்கில் சுடுநீர் செய்வதை இங்குக் குளிர்நீர் செய்கிறது.

தேர் பெரிது, அதனை ஒருவர் இழுக்க இயலாது. ஊர் கூடி இழுத்தால் அது நிலைக்கு வந்து சேரும். வெப்பமும் அத்தகையதே. வீட்டுக்கு வீடு தனித்தனி அடுப்பு என்றிருந்த ஊர்கள், ஊரெல்லாம் ஓர் அடுப்பு என்று ஒன்றிணைந்தபோது, வீணான வெப்பம் செல்வமாயிற்று.

சொல்லும் பொருளும்

விசைச்சுழலி – நீராவியின் விசையால் சுழலும் பொறி
எக்கி – ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஏற்றி அனுப்பும் பொறி (பம்பு)
அளவி – அளந்து காட்டும் கருவி (மீட்டர்)
ஞெகிழி – நெகிழும் தன்மையுள்ள செயற்கைப் பொருள் (பிளாஸ்டிக்)
ஊற்று – பிறப்பிடம்
மடல் – கடிதம்
நிலை – தேர் வந்து நிற்கும் இடம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. டென்மார்க்கில் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு ________.
2. மார்ஸ்டால் என்னும் ஊர் ________ தீவில் உள்ளது.
3. ஊர்க்குழாயின் வெப்பத்தை வீட்டுக்குழாய்க்கு மாற்றும் கருவி ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. ஊரெல்லாம் 2. குளிர்காலம் 3. வெந்நீர் 4. அவ்வாண்டு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 1973ஆம் ஆண்டில் டென்மார்க் மக்கள் ஞாயிறுதோறும் மகிழுந்து ஓட்டாதது ஏன்?
2. வெப்பத்தை நெடுந்தொலைவுக்கு அனுப்ப இயலாதது ஏன்?
3. வெப்ப எக்கியின் செயலைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட்டு விளக்குக.

ஈ. விரிவான விடை தருக.
1. 'வரைபடத்தில் இன்று வரையும் கோடு, பின்வரும் தலைமுறையின் வாழ்வை முடிவு செய்யும்.' இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. உங்கள் தெருவுக்குக் குழாய் வராது என்று நகராட்சி முடிவு செய்வதாகக் கொள்க. நகராட்சித் தலைவரிடம் நீங்கள் கேட்க விரும்பும் மூன்று வினாக்களைக் கடித வடிவில் எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் குடியிருப்பின் எளிய வரைபடம் ஒன்றை வரைக. வெப்பம் வீணாகும் இடங்களைச் சிவப்பு நிறத்தாலும் (எ.கா. அடுமனை, தேநீர்க் கடை, சலவையகம்), வெப்பம் தேவைப்படும் இடங்களை நீல நிறத்தாலும் குறிக்க. அருகருகே அமைந்த இரு நிறப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, வகுப்பில் கலந்துரையாடுக.